வாசர் அண்ணையின் மார்கழி மன்னிப்புகள்

பாவம் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; ஓரளவு நானும் செய்திருக்கிறேன். ஆனால் செய்த பாவத்தைச் சைக்கிளில் ஏற்றி, வீடு வீடாகக் கொண்டுபோய் உரியவர் கையில் ஒப்படைத்த மனிதர் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் வாசர் அண்ணை என்போம்.

நான் புத்தூரில் கணிதம் படிப்பித்த காலத்தில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் திருத்துவது தொழில். எந்த மிசினை என்ன கோளாறோடு கொண்டுபோனாலும் அதைத் தொடாமலே "வாசர் தான் பிழை" என்பார். தண்ணீர் ஒழுகாமல் இணைப்புக்குள் வைக்கிற றப்பர் வளையம்தான் வாசர். அப்படி வந்த பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைக் கேட்டால் அவருடைய மனைவியே கொஞ்சம் நின்று யோசிப்பார்.

வேதப் புத்தகத்தையும் அவர் மிசினோடு வருகிற விளக்கப் புத்தகத்தைப் போலத்தான் வாசித்தார். இந்த ஆணியை இந்தப் பக்கம் திருப்பு என்று போட்டிருந்தால் திருப்ப வேண்டும். அதற்கு மேல் வியாக்கியானம் கிடையாது. காணிக்கை கொடுக்க வருமுன், உன்மேல் மனத்தாங்கல் உள்ளவனிடம் போய்ச் சமாதானமாகிவிட்டு வா என்று ஆண்டவர் சொல்லியிருப்பதை நாங்கள் எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். வாசர் அண்ணை சைக்கிளை எடுத்தார்.

மார்கழி பிறந்தால் எங்கள் சபையில் மற்ற வீடுகளில் சுவருக்குப் பெயின்ற் அடிப்பார்கள், கேக்குக்கு முந்திரிகை வற்றல் வெட்டுவார்கள். வாசர் அண்ணை அந்த வருடம் யார் யாருக்கு என்ன பிழை செய்தார் என்று யோசித்து, பின்னேரங்களில் சுன்னாகம் வரைக்கும் மிதிப்பார். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல் எல்லாம் தீர்ந்துவிட வேண்டும். இதிலுள்ள சங்கடம் என்னவென்றால், அவர் போய்ச் சொல்லும் வரைக்கும் அப்படி ஒரு பிழை நடந்ததே பலருக்குத் தெரியாது.

எங்கள் போதகரின் மனைவி ஒவ்வொரு நத்தாருக்கும் வீடு வீடாகக் கேக் அனுப்புகிறவர். அவரிடம் போய் வாசர் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, மூண்டு வருசமா உங்கடை கேக்கை நான் கோழிக்குப் போட்டனான்."

அம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கோழியும் தின்னேல்லை, அம்மா. ஒண்டையும் மறைக்கக் கூடாது எண்டதுக்காகச் சொல்லுறன்."

சுன்னாகத்தில் ஒரு தோட்டக்காரரின் மிசினுக்குப் பழைய வாசரைத் திருப்பிப் போட்டது நினைவுக்கு வந்து, புது வாசரோடு போனார். "நல்லா ஓடுது, விடும் ஐசே" என்று தோட்டக்காரர் எவ்வளவோ கெஞ்சினார். வாசர் அண்ணை விடவில்லை, திறந்து மாற்றினார். அன்றிலிருந்து அந்த மிசின் ஒழுகத் தொடங்கியது. அதற்கு மன்னிப்புக் கேட்க அடுத்த கிழமை இன்னொரு தரம் போக வேண்டியதாயிற்று.

என்னையும் விடவில்லை. கோயிலில் கீபோர்ட் வாசிப்பவள் நான்.

"ரீச்சர், போன மாதம் ஒரு ஞாயிறு மூண்டாம் பாட்டை நீங்கள் பிழையா வாசிச்சியள். அதை நான் ஆக்களுக்குச் சொல்லிச் சிரிச்சனான். மன்னிக்கோணும்."

"எத்தினை பேருக்கண்ணை?"

"எட்டுப் பேருக்கு. அதிலை ரெண்டு பேர் தாங்கள் கவனிக்கேல்லை எண்டினம். அவைக்கு விளங்கப்படுத்தினனான்."

மன்னித்தேன். வேறு என்ன செய்வது? அந்த இரண்டு பேர் யார் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

"எல்லாரும் மார்கழியிலை பலகாரம் சுடுவினம், இந்த மனிசன் பிரச்சினை சுடுது" என்பார் அவருடைய மனைவி. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினால் காணாதா என்று ஒருமுறை பாடகர் குழுவில் யாரோ கேட்டார்கள். "அதிலை நீலச் சரி தான் விழும், மன்னிப்பு விழாது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளுக்குக் காற்று அடிக்கப் போனார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் வாய் மூடிப்போகிற ஒரு வாசல் படலை அந்த ஒழுங்கையிலேயே இருந்தது. அது நல்லதம்பியரின் படலை.

நல்லதம்பியர் வாசர் அண்ணையின் பக்கத்துக் காணிக்காரர், சைவக்காரர், வெங்காயத்தை நம்பி வாழ்கிறவர். ஒரு பங்குனி மாதம், வெய்யில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், அவருடைய மிசின் நின்றுவிட்டது. வாசர் அண்ணை அதைக் கழற்றித் தன் வீட்டு மேசையில் பரப்பினார். அன்று பின்னேரம் எங்கள் சபையின் எழுப்புதல் ஜெபக் கூட்டம் தொடங்கியது. மூன்று நாட்கள். பாட்டுக்கு முன்வரிசையில் நிற்கிறவர் இவர். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையில் அவர் ஸ்பானரைத் தொடமாட்டார். திங்கட்கிழமை மிசின் பூட்டி முடிய, நல்லதம்பியரின் பாத்திகள் வதங்கிக் கிடந்தன. அந்த வெங்காயம் மூத்த மகளின் கலியாணத்துக்கென்று வைத்த பயிர். கலியாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

"உன்ரை ஆண்டவருக்குப் பாட்டுப் படிச்சுப் படிச்சு என்ரை வெங்காயத்தை அவிச்சுப்போட்டாய்" என்றார் நல்லதம்பியர். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

வாசர் அண்ணைக்கு அது எங்கே பட்டது என்று எனக்கு விளங்கியது. மற்றப் பிழைகள் அவர் ஆண்டவரை மறந்து செய்தவை. இது ஆண்டவரின் பெயரைச் சொல்லிச் செய்தது.

ஆறு வருடம், ஒவ்வொரு நத்தாருக்கும் முதல் நாள் பின்னேரம், அவர் அந்தப் படலையில் போய் நிற்பார். நல்லதம்பியர் வெளியே வந்து முழுவதையும் கேட்பார். கேட்டு முடிய, "முடிஞ்சுதோ? படலையைச் சாத்திப்போட்டுப் போ" என்பார். வாசர் அண்ணை சத்தம் வராமல் சாத்திவிட்டு வருவார்.

அடுத்த நாள் நத்தார் ஆராதனை. வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, கணீரென்ற குரல். ஆனால் அப்பமும் இரசமும் கொடுக்கிற திருவிருந்து நேரத்தில் எல்லோரோடும் முன்னுக்கு வந்து பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியின் கடைசி இடத்தில் முழந்தாளிடுவார். போதகர் அப்பத் தட்டோடு கிட்ட வந்ததும் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு எழும்பிப் போய்விடுவார். ஆறு வருடமாக அந்த மனிதர் அப்பமும் இரசமும் தொடவில்லை. நான் வாசித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். என் சொந்த மைத்துனியோடு நான் நான்கு வருடமாகக் கதைக்காமல் இருந்துகொண்டு, வலு சௌகரியமாகத் திருவிருந்து எடுத்த காலம் அது.

போதகருக்கே பொறுக்கவில்லை. "நீர் போய்க் கேட்டிட்டீர். உம்முடைய கடமை முடிஞ்சுது. வந்து எடும்" என்றார்.

"மிசின் ஓடினாத்தான் ஐயா திருத்தினது" என்றார் வாசர் அண்ணை. "ஓடாட்டி, திறந்து பார்த்ததுதான்."

ஏழாவது நத்தாருக்கு முதல் மூன்று நாட்கள் விடாமல் மழை. எங்கள் செம்பாட்டு மண் எவ்வளவு தண்ணீரையும் குடிக்கும் என்று பெருமை பேசுவோம். அந்த வருடம் அதுவும் போதும் என்று சொல்லிவிட்டது. பாத்திகளில் கணுக்காலளவு வெள்ளம். வெங்காயம் நட்டு மூன்று கிழமைகூட ஆகவில்லை.

நத்தார் காலை ஆராதனை தொடங்கியபோது வாசர் அண்ணையைக் காணவில்லை. அவர் தனியாகப் பாட வேண்டிய அடி வந்தது; நான் வாசித்தேன், குரல் இல்லை. திருவிருந்து நேரம் கிராதியின் கடைசி இடம் வெறுமையாகக் கிடந்தது. போதகர் தட்டோடு அந்த இடத்துக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றார். நான் வாசித்த அடியையே திரும்ப வாசித்தேன்.

ஆராதனை முடிந்து வாசலில் வாசர் அண்ணையின் மனைவியைப் பிடித்தோம்.

"விடிய எழும்பி மண்வெட்டியோடை போனவர். நல்லதம்பியற்றை வேலிக்கரையிலை நிக்கிறார். கூப்பிட்டாலும் வாறாரில்லை."

போதகர் உள்ளே போய், படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்குத் திருவிருந்து கொண்டுபோகும் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். மூவரும் அவருடைய காரில் ஏறினோம்.

வாசர் அண்ணையும் தன் காணியில் வெங்காயம் போட்டிருந்தார்; அந்தக் காணி பள்ளம். தன் பயிரைக் காப்பாற்ற அவர் வரம்பை உயர்த்திப் போட்டிருந்தார். அந்த வரம்பு நல்லதம்பியரின் வெள்ளத்தையும் மறித்துக்கொண்டு நின்றது. நாங்கள் போய்ச் சேரும்போது வேலியில் நான்கு முழம் பிரிந்து கிடந்தது; வரம்பு வெட்டுண்டு கிடந்தது; நல்லதம்பியரின் பாத்தித் தண்ணீரெல்லாம் இரைந்துகொண்டு வாசர் அண்ணையின் வெங்காயத்துக்கு மேலால் ஓடியது. அவர் முழங்காலளவு சேற்றில் நின்று வெட்டை இன்னும் அகலமாக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நல்லதம்பியர் குடையும் கையுமாகக் கத்திக்கொண்டு நின்றார்.

"ஆரைக் கேட்டு என்ரை வேலியைப் பிரிச்சனி?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை அண்ணை. பிழை தான். பழசோடை சேர்த்து அதையும் மன்னிக்கோணும்."

"உன்ரை வெங்காயமெல்லோ போகுது, விசரா!"

"போகட்டும் அண்ணை. என்னட்டைக் கலியாணத்துக்குப் பிள்ளை இல்லை."

நல்லதம்பியர் குடையை வேலியில் கொளுவினார், சாரத்தை மடித்துக் கட்டினார், சேற்றில் இறங்கி மண்ணை அள்ளி அந்த வெட்டை அடைக்கத் தொடங்கினார். வாசர் அண்ணை அவர் அடைத்ததை வெட்டினார். அவர் வெட்டியதை இவர் அடைத்தார். யாழ்ப்பாணத்தில் வரம்புச் சண்டை பார்க்காமல் வளர்ந்தவர் எவருமில்லை. உன் தண்ணீர் என் பக்கம் வரக் கூடாது என்றுதான் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறுகிறோம். தண்ணீர் என் பக்கம்தான் வர வேண்டும் என்று இரண்டு பேர் சண்டை பிடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணை, விடுங்கோ, உங்கடை பயிர் அழுகிப்போம்!"

"உன்ரை பயிர் அழுகினா ஆர் பொறுப்பு? ஒழுங்கைப் பக்கம் வாய்க்கால் வெட்டினா ரெண்டும் தப்பும், மொக்கா! நாலு பேர் வேணும்."

சொல்லிவிட்டு அவர் எங்களைப் பார்த்தார். வெள்ளை அங்கியோடு போதகர், நத்தார்ச் சேலையோடு நான். நல்லதம்பியர் வீட்டிலிருந்து இன்னும் இரண்டு மண்வெட்டி வந்தது. போதகர் அங்கியைக் கழற்றிக் காருக்குள் போட்டார். நான் கடகத்தில் சேறு சுமந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. கடைசியில் இரண்டு பேருடைய வெள்ளமும் சேர்ந்து ஒழுங்கைக்குள் இறங்கி ஓடியது. வாசர் அண்ணையின் பயிரில் பாதி போய்விட்டது. பாதி தப்பியது.

நல்லதம்பியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இண்டைக்கு உங்கடை பெருநாளெல்லோ. கோயிலுக்குப் போகேல்லையோ நீ?"

"போய் என்னண்ணை செய்ய? நீங்கள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"என்னத்தைச் சொல்லுறது? ஆறு வருசமாப் படலையிலை வந்து நிண்டு என்ரை உயிரை எடுத்தாய். நேற்றும் வருவாய் எண்டு பின்னேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தனான். வரேல்லை. எனக்கு நித்திரை வரேல்லையடா."

"மழை அண்ணை. விடிஞ்சோடனை வருவமெண்டு..."

"எனக்கு உன்னிலை கோவமில்லை. விளங்குதோ? கோவமில்லை."

வாசர் அண்ணை வரம்பில் குந்திவிட்டார். சேற்றுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதார். அவருடைய மனைவி பக்கத்தில் நின்று முதுகைத் தடவினார்.

போதகர் காருக்குள்ளிருந்து அந்தச் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். வாசர் அண்ணை கையை நீட்டினார். முழங்கை வரைக்கும் சேறு. நீட்டிய கையைத் திரும்ப இழுத்தார். நல்லதம்பியர் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து, அவருடைய கைகளில் தன் கையாலேயே ஊற்றினார். விரலிடுக்கெல்லாம் போகும்வரை ஊற்றினார். அந்த நேரம் திரும்பவும் தூறத் தொடங்கியது. அவர் வாளியை வைத்துவிட்டு ஓடிப்போய் வேலியில் கொளுவிய குடையை எடுத்துக்கொண்டு வந்து, போதகரின் கைக்கு மேலே பிடித்தார்.

"கெதியாக் குடுங்கோ ஐயா, பாண் நனையப்போகுது."

வாசர் அண்ணை அந்தப் பாண் துண்டை வாயில் வைத்தார். நல்லதம்பியர் முழுக்க நனைந்துகொண்டு, குடையை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு இப்போது வேறு ஊரில் வேலை. வாசர் அண்ணையை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் எப்போதாவது புத்தூர்ப் பக்கம் போனால், அந்த வரம்பில் மட்டும் நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பேன்.