ஏழு மணிக்கு முன்னால் இட்லி கிடையாது

“…பெத்த மகளா இருந்தா என்ன, ராஜா ஆர்டர் ராஜா ஆர்டர்தான். மணி ஏழாகட்டும், எம்மா.”

சொன்னவர் கொல்கத்தா பவானிபூரில் இட்லிக் கடை வைத்திருந்த மணியடி அண்ணாச்சி. கேட்டுக்கொண்டு நின்றவள், ஆறு வருஷம் கழித்து இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய அவருடைய ஒரே மகள். நேரம் காலை ஆறு நாற்பது.

கொல்கத்தாவிலிருந்து வெள்ளைக்காரன் போன பிறகும் அவனுடைய சட்டத்தை அட்சரம் பிசகாமல் நடத்திய மனிதர் இந்த நகரத்திலேயே அண்ணாச்சி ஒருவர்தான். அதுவும் டெல்லி சட்டமோ லண்டன் சட்டமோ இல்லை. ஆல்டன்பரி என்கிற சின்னச் சந்தை ஊரின் சட்டம்.

மகள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் ஒருமுறை அந்த ஊர்ச் சரித்திரத்தை மெல்லிசான புத்தகமாக அனுப்பினாள். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வராது. ஞாயிற்றுக்கிழமை தோறும் படித்துச் சொன்ன பாவி நான். துறைமுக ஆபீஸ் குமாஸ்தாவின் இங்கிலீஷ், பாதி அகராதி, மீதி தைரியம்.

யாரோ ஒரு ராஜா, புதன்கிழமை சந்தை கூட்டிக்கொள்ளலாம் என்று அந்த ஊருக்குப் பட்டயம் கொடுத்தான். ஆட்டுக் கம்பளியில் ஊர் கொழுத்தது. வெண்ணெய் விற்கிற பெண்கள் உட்காரக் கல்தூண் மண்டபம் கட்டினார்கள். பிறகு ரயில் நாலு மைல் தள்ளிப் போய்விட, ஊர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டது. “ரயிலு வராததாலதான் வே ஊரு கெடாம இருக்கு” என்பார் அண்ணாச்சி, ஹௌராவுக்கு ரயிலில் வந்திறங்கியவர்.

ஒரு பக்கத்தில் வந்தது வினை. சந்தை மணி அடிப்பதற்கு முன்னால் யாரும் ஒரு முட்டைகூட விற்கக் கூடாது, வாங்கக் கூடாது. பணக்காரன் முந்திக்கொண்டு நல்லதையெல்லாம் அள்ளிப் போய்விடுவான், ஏழைக்கு அழுகல்தான் மிஞ்சும், அதனால் ராஜா போட்ட விதி இது.

அண்ணாச்சி அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுநாள் கல்லாவுக்கு மேலே ஒரு பித்தளை மணி தொங்கியது. புதன்கிழமை மட்டும் அடை என்றும் ஏற்பாடாயிற்று. ஏழு அடித்தால்தான் இட்லி. ஆறரைக்கே சட்டியில் ஆவி பறக்கும். பெஞ்சு நிறைய ஆட்கள் காலித் தட்டோடு தியானத்தில் இருப்பார்கள்.

சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கெஞ்சினார். “அண்ணாச்சி, ஆறு அம்பதுக்கு பஸ்ஸு.”

“ஆல்டன்பரியில ஒரு பிரபுவோட சமையக்காரன் மணிக்கு முன்னால முட்டை வாங்கிப்புட்டான். பிடிச்சு விசாரிச்சுட்டாவ. பிரபுவையே விடல. நீரு சால்ட் லேக்கு!”

கடைக்கு வந்து வந்தே தமிழ் பழகிய அலிப்பூர் வக்கீல் பாபு வாதாடிப் பார்த்தார். “கொலைக் கேஸ்லயே ஜாமீன் குடுக்கறான் அண்ணாச்சி. ரெண்டு இட்லிய ஜாமீன்ல விடுங்க.”

மனு தள்ளுபடி. ஒருநாள் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு அண்ணாச்சிக்கே தலை சுற்றியது. மடியில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி வேர்த்துக்கொட்ட உட்கார்ந்திருந்தார். தொடவில்லையே!

வாரா வாரம் புதன்கிழமை வீடியோவில் மகளிடம் ஒரே கேள்விதான்: “இன்னைக்கு அங்க மணி அடிச்சாச்சா?” “அடிச்சாச்சுப்பா.” அப்புறம்தான் சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம்.

அந்த மகள்தான் இப்போது ஏர்போர்ட்டிலிருந்து நேரே வந்து, பெட்டியைக் கீழே வைத்து, “யப்பா, பசிக்கி. ரெண்டு இட்லி” என்று கேட்டுவிட்டாள். பெஞ்சு மொத்தமும் கல்லாப் பக்கம் திரும்பியது. வக்கீல் பாபு பேப்பரை மடித்தார். கொடுத்தால் இத்தனை வருஷச் சட்டம் போச்சு. கொடுக்காவிட்டால் ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளை பட்டினி. அப்போதுதான் அண்ணாச்சி ராஜா ஆர்டர் என்று ஆரம்பித்தார்.

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “யப்பா, அந்த ஊர்லயே இப்ப மணி அடிக்கதில்ல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள காட்சிக்கு வச்சிருக்காவ. நீங்க வருத்தப்படுவீயன்னுதான் அடிச்சாச்சு, அடிச்சாச்சுன்னு சொன்னேன்.”

அண்ணாச்சி பித்தளை மணியை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப உலகத்துல இந்த மணி ஒண்ணுதான் பாக்கியா?”

போச்சு, இனி ஒன்பது மணி ஆனாலும் இட்லி இல்லை என்று சால்ட் லேக் தம்பி பையைத் தோளில் மாட்டினார்.

அண்ணாச்சி மகளைப் பார்த்தார். வீடியோவில் தெரியாத மெலிவு நேரில் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஏறினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, பெரிய முள்ளை மெல்லத் தள்ளி ஏழு ஆக்கினார். திரும்ப மாட்டி, நேராக இருக்கிறதா என்று எங்களைக் கேட்டார். நேராக இருக்கிறது என்று ஒரே குரலில் சொன்னோம்.

பிறகு மணியை அடித்தார்.