தும்மல் அண்ணையின் வலது மூக்கு

குண்டு போட வரும் பொம்மரின் சத்தத்தைத் தோற்கடித்த மூக்கு உரும்பிராயில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தும்மல் அண்ணையின் மூக்கு. அவர் தும்மினால் எங்கள் கோழிகள், பதுங்குவதற்கு முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடும். கோழிகளைப் பார்த்து நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

என் நாலு வயது மகளுக்கும் அதே தும்மல் வருத்தம். பங்கருக்குள் மண்தூசி பட்டால் தும்மித் தும்மி மூக்கு அடைத்துவிடும், மூச்சுக்குத் திணறுவாள். வெளியே வைத்திருந்தால் குண்டு, உள்ளே கொண்டுபோனால் மூச்சு. நான் இரண்டுக்கும் பயந்தேன்.

டாக்குத்தர் எழுதித் தந்த மூக்கு ஸ்பிறே எந்தக் கடையிலும் இல்லை. மருந்துக்குத் தடை இருந்த காலம். தும்மல் அண்ணையிடம் இரண்டு விதம் இருந்தது. எது நல்லதென்று கேட்டேன்.

"பொறு தங்கச்சி, சோதிச்சுச் சொல்லுறன்."

ஒரு கிழமை, ஏழு நாளும், இடது மூக்குக்கு ஒன்று, வலது மூக்குக்கு மற்றது. காலையில் பழைய சாக்கை உதறி, தூசிக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்.

"இந்த மனிசனுக்கு மூக்கிலை விசர்" என்றார் அவர் மனைவி.

"இடது உடனை திறந்துது. நாலாம் நாள் முந்தினதிலும் மோசமாய் அடைச்சுது. வலது மூண்டு நாள் சும்மா இருந்துது, பிறகுதான் வேலை செய்யுது. டாக்குத்தர் எழுதினதும் உதுதான். கொண்டு போ."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு உப்புத்தண்ணி காணும்."

சின்னப் பிள்ளைக்குக் கூடாதோ என்று டாக்குத்தரிடம் திரும்பவும் போய்க் கேட்டேன். போத்தல் முனையைச் சுடுதண்ணீரில் மூன்று தரம் கழுவினேன். பயம் போகாமல் நாலாவது தரமும்.

இரண்டு கிழமை கழித்துப் பொம்மர் வந்தது. பங்கருக்குள் மகள் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மனைவியோடு எங்கள் பங்கருக்குள் வந்திருந்த, மருந்தில்லாத தும்மல் அண்ணை தும்மினார். கூரை மண் அவள் தலையில் கொட்டியது.

"பிள்ளைக்குத் தூசி" என்றபடி எழும்பி வெளியே போய்விட்டார்.

"எங்கை போறியள்? வாங்கோ!" என்று அவர் மனைவி கத்தினார்.

குண்டு கிட்டத்தில் விழுந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவர் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அம்மா, மாமா ஏன் தும்மேல்லை?"

வாய்க்கால் பக்கமிருந்து ஒரு தும்மல் கேட்டது. அவர் ஒருநாளும் ஒன்றோடு நிறுத்தியதில்லை. இரண்டாவது வரும்வரை எனக்கு மூச்சே வரவில்லை.

வந்தது.

இப்போதும் பஸ்ஸில் யாராவது தும்மினால் மற்றவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். நான் இரண்டாவது தும்மலுக்குக் காத்திருப்பேன்.