மாப்பிள்ளை அனுப்பிய தகடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனாரின் ஆசிகள். இங்கே நான் நலம், அத்தை நலம். உங்கள் மனைவியும் நலம்தான், ஆனால் அப்படி எழுதக் கூடாது என்கிறாள்.

கோபித்துக்கொண்டு தாய்வீடு வந்த பெண்டாட்டிக்குப் பூ அனுப்புவார்கள், இனிப்பு அனுப்புவார்கள். நீங்கள் உங்கள் ஆய்வுக்கூடத்துத் தகட்டை அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு அதைவிட அழகான பொருள் உலகத்தில் கிடையாது என்று எனக்குப் புரிகிறது. அவளுக்குப் புரியவேண்டுமே! "இது என்னப்பா, பாத்ரூம்ல ஒட்டுறதா?" என்றாள். பக்குவமாக விளக்கினேன்: "ரேடார் அலை இதுல பட்டா வந்த வழியே திரும்பாதும்மா, இது சொல்ற பக்கம்தான் போகும். விமானம் இங்க இருக்கும், எதிரியோட திரையில புள்ளி வேற எங்கயோ தெரியும்." "அவரும் அப்படித்தாம்பா, நான் ஒண்ணு கேட்டா பதில் வேற எங்கயோ போகும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அத்தை அதைக் கூடத்துச் சுவரில் மாட்டினாள். மத்தியான வெயிலில் அந்தக் குட்டிக் குட்டிச் செப்பு வளையங்கள் மினுங்குவதைப் பார்த்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் ஊர் முழுக்க இந்தத் தகட்டைப் போர்த்தியிருந்தார்கள். நான் பழையபடி ரேடார் திரைமுன் உத்தியோகத்தில் இருக்கிறேன். ஊர் இருக்கவேண்டிய இடத்தில் கடல். கடல் இருக்கவேண்டிய இடத்தில் நம் வீடு மெதுவாக மிதந்து போகிறது, மொட்டைமாடியில் என் மகள் துணி காயப்போடுகிறாள். சண்டைக்கு வந்த விமானங்கள் வெறும் தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்புகின்றன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. விழித்தபோது மனசு பஞ்சாக இருந்தது. அப்புறம்தான் பயம் பிடித்தது. காலமெல்லாம் புள்ளியை நம்பிப் பிழைத்தவன் நான். புள்ளியே பொய் சொன்னால் மனுஷன் எதைத்தான் நம்புவது? நேரில் போய்ப் பார்க்கவேண்டியதுதான்.

ஆகவே மாப்பிள்ளை, போன் செய்யாதீர்கள், எடுக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அவள் எதிரே நின்று பதில் சொல்லுங்கள். கேள்வி ஒன்றுதான், தினமும் சுவரைப் பார்த்துக் கேட்கிறாள்: "நான் வீட்டுல இருக்கறது அவருக்குத் தெரியுதா இல்லையா?" நீங்கள் வராவிட்டால் அவள் அங்கே திரும்பவே மாட்டாள். பெற்றவன் எனக்கு அது தாங்காது.

இருவரும் ஒரே வீட்டில் நெடுநாள் சண்டை போட்டு வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: வரவேண்டாம், அங்கேயே இருங்கள். உறை ஒட்டப் பசை கேட்டு உள்ளே போனால் அத்தை சத்தம் போடுகிறாள்: "யாருக்கு லெட்டர்? அவதான் நேர்லயே கேட்டுக்கறேன்னு பஸ் ஏறிட்டாளே! பெட்டியோட உங்க முன்னாடி நின்னு போய்ட்டு வரேம்பான்னு சொன்னா. நீங்க எழுதிக்கிட்டே 'ம்'னு தலையாட்டினீங்க!" கதவைத் திறந்ததும் முதலில் அவள் முகத்தைப் பாருங்கள், மாப்பிள்ளை. நான் பார்க்கவில்லை.