தூண் அவர்களின் வலது கை

உலகத்தில் எத்தனையோ சட்டமன்றங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் மசோதா வந்தால் உட்கார்ந்து படிக்கிறார்களாம், வரிக்கு வரி வாதாடுகிறார்களாம், ஒரு காற்புள்ளிக்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்களாம். பாவம், ஒருவர்மீது ஒருவருக்கு நம்பிக்கை இல்லாத ஜனங்கள். நம்முடைய மன்றம் அப்படிப்பட்டதல்ல. இங்கே உறுப்பினர் அமைச்சரை நம்பினார். அமைச்சர் செயலாளரை நம்பினார். செயலாளரோ, போன மசோதாவை எழுதியவர் யாரோ அவரை நம்பினார். இவ்வளவு நம்பிக்கை குடியிருக்கும் இடத்தில் படிப்புக்கு என்ன வேலை?

அந்த நம்பிக்கையின் சிகரம் ‘தூண்’ அவர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஐந்து தேர்தல் ஜெயித்து வந்தும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரே இடத்தில் இருந்ததால் மன்றம் ஆசையோடு வைத்த பெயர் இது. பேசாதவர்தானே என்று யாரும் லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. ஆளுங்கட்சிக் கொறடா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தால் தூண் அவர்களின் வலது கை மேலே போகும். கைக்குட்டை சட்டைப்பைக்குத் திரும்பினால் கை மடிக்குத் திரும்பும். நடுவில் மூளையைத் தொந்தரவு செய்யும் கெட்ட பழக்கம் அந்தக் கைக்கு இல்லை.

மன்றத்தில் இன்னொரு மேலான மரபும் உண்டு. ஓட்டெடுப்பு நேரத்தில் ஓர் உறுப்பினர் அசந்து தூங்கிவிட்டால், பக்கத்து இருக்கைக்காரர் அவர் கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கிவிடுவார். தூங்குகிற பெரிய மனிதரை எழுப்புவது மரியாதை அல்லவே. இதற்குக் ‘கைத்துணை’ என்று பெயர். தூண் அவர்களுக்குப் பக்கத்து இருக்கை மீசைக்காரருடையது. இருவரும் மாறி மாறித் தூங்கி, மாறி மாறித் தூக்கி, நாட்டுக்குப் பல நல்ல சட்டங்களை வழங்கியிருக்கிறார்கள்.

இந்தப் பொற்காலத்தில்தான் ‘மக்கள் நல ஒருங்கிணைப்பு மசோதா’ வந்தது. பச்சை அட்டை போட்ட இரண்டு கட்டுகள். தூக்கி வந்த பணியாளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றால் அதன் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ளலாம். தூண் அவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் உடனே பயன்படுத்தவும் செய்தார். பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்குக் கால் வீங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காலை வைத்துக்கொள்ள மசோதா அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

“ஏங்க, இதுல எங்க ஆஸ்பத்திரிய மூடப் போறாங்களாமே?” என்று காலை காப்பியோடு வந்தாள் மனைவி. ஊர் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் அவள்.

“யாரு சொன்னா?”

“டாக்டரம்மா படிச்சுப் பாத்துட்டுச் சொன்னாங்க.”

“அவங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்கா?”

மனைவி மகளின் காலை மெதுவாகத் தூக்கி, அடியிலிருந்த கட்டை உருவி, டாக்டரம்மா சொன்ன பக்கத்தைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இருபது படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனைகள் யாவும் பெரிய மருத்துவமனைகளோடு ‘ஒருங்கிணைக்கப்படும்’ என்று இருந்தது.

“ஒருங்கிணைக்கிறதுன்னா நல்ல வார்த்தைதானே?” என்றார் தூண் அவர்கள்.

“எங்க கிட்ட இருக்கிறது பன்னெண்டு படுக்கை. பூட்டுப் போட்டுட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லுவாங்க. ரெண்டு மணி நேரம் வண்டியில போகணும். அடுத்த மாசம் உங்க பொண்ணுக்கு வலி எடுத்தா ரோட்டுலயா பெத்துக்குவா?”

மகள் அப்பாவையே பார்த்தாள். அந்தப் பெண் என்றால் அவருக்கு உயிர்.

“நான் இருக்கேன்ல, பயப்படாதம்மா. இந்த மசோதாவுக்கு அப்பா கை தூக்க மாட்டேன்” என்று மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். தடவியது வலது கைதான்.

அன்றே மசோதாவைத் தாக்கல் செய்த அமைச்சரின் அறைக்குப் போனார்.

“ஐயா, அந்த மசோதா ரெண்டாவது கட்டுல ஒரு பக்கம்...”

அமைச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “படிச்சீங்களா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஒரே ஒரு பக்கம்தான்யா.”

“இப்படித்தான் ஆரம்பிக்கும். உடம்பைப் பாத்துக்குங்க.”

“இல்லைங்க, சின்ன ஆஸ்பத்திரியெல்லாம் மூடணும்னு இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு எப்படிய்யா தெரியும்? நான் தாக்கல் பண்ணினவன். அந்தப் பச்சை அட்டையைப் பாத்தீங்களா? அது நான் சொன்ன கலர்.”

“அதைக் கொஞ்சம் திருத்த முடியாதுங்களா?”

“தாராளமாத் திருத்தலாம். முதல்ல நிறைவேத்திடுவோம். அப்புறம் நிதானமா உக்காந்து என்ன நிறைவேத்தினோம்னு படிச்சுப் பாத்துத் திருத்துவோம்.”

வெளியே வந்தால் நடையில் கொறடா நின்றார். சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, கொறடாவுக்கு உண்டு.

“அண்ணே, நமக்கு ஒரே ஓட்டுதான் மெஜாரிட்டி. நீங்க ஒருத்தர் கை தூக்கலைன்னா மசோதா கவுந்துடும். அப்புறம் அடுத்த தேர்தல்ல உங்க தொகுதிக்கு வேற தூண்தான் பாக்கணும்.”

தூண் அவர்கள் அன்று பெரும் சிந்தனையில் ஆழ்ந்தார். பழக்கமில்லாத வேலை, தலை வலித்தது. மசோதாவை எதிர்த்தால் சீட்டுப் போய்விடும். ஆதரித்தால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது? கடைசியில் வழி கிடைத்தது. தூங்கிவிட வேண்டும். தூங்கியதற்காக இந்த மன்றத்தில் யார்மீதும் நடவடிக்கை எடுத்ததே இல்லை. எடுத்தால் மன்றமே காலியாகிவிடும்.

ஓட்டெடுப்பு நாள் வந்தது. பார்வையாளர் மாடத்தில் மனைவி நர்ஸ் உடுப்போடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்க்கட்சியினர் மசோதாவைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார்கள். அவர்களும் படிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மன்றம் கட்சி வேறுபாடின்றி ஒற்றுமையாக இருந்தது. “உறுப்பினர்கள் மசோதாவை நன்கு பரிசீலித்துவிட்டபடியால்” என்று தொடங்கினார் அவைத் தலைவர்.

கொறடா கைக்குட்டையை எடுத்தார். தூண் அவர்கள் இறுகக் கண்ணை மூடிக்கொண்டார். நம்பகத்தன்மைக்காக ஒரு சின்னக் குறட்டையும் விட்டார்.

“பாவம், அசந்துட்டாரு” என்றது பக்கத்தில் ஒரு குரல். மறுகணம் அவருடைய வலது மணிக்கட்டை யாரோ பாசத்தோடு பற்றினார்கள்.

கைத்துணை பெற்றபோதெல்லாம் தூண் அவர்கள் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தவர். அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அதனால்தான் திட்டத்தில் மீசைக்காரரைச் சேர்க்க மறந்துபோயிருந்தார். கை மேலே போய்க்கொண்டிருந்தது. இழுத்துக்கொண்டால் விழித்திருப்பது தெரிந்துவிடும், கொறடா எதிரிலேயே நிற்கிறார். குறட்டையை மட்டும் கொஞ்சம் பலமாக்கிப் பார்த்தார். பயனில்லை.

மீசைக்காரருக்குத் தன் ஓட்டையும் போட வேண்டியிருந்தது. தூக்கியது போதும் என்று பிடியை விட்டுவிட்டுத் தன் கையைத் தூக்கிக்கொண்டார். தூண் அவர்களின் கை அங்கேயே நின்றது. அவைத் தலைவர் நிதானமாக எண்ணி முடிக்கும்வரை நின்றது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. மேசைகள் அதிர்ந்தன.

நடையெல்லாம் பாராட்டு. கொறடா அந்த வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். “தூக்கத்துலயும் கட்சிய விட்டுக்கொடுக்கல பாருங்க, அவருதான் மனுஷன்” என்றார் மீசைக்காரர். பச்சை ராசியான நிறம் என்று தான் அப்போதே சொன்னதாக அமைச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்.

படிக்கட்டின் கீழே மனைவி நின்றிருந்தாள். கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டு தூண் அவர்கள் இறங்கிப் போனார்.

“தூங்கிட்டேம்மா” என்றார். “என்னை அறியாமலே நடந்துபோச்சு. பக்கத்துல இருந்தவருதான் கையைத் தூக்கிவிட்டாரு. கைத்துணைன்னு எங்க மன்றத்துல ஒரு மரபு. உனக்குச் சொன்னாப் புரியாது.”

“புரிஞ்சுது. மேல இருந்து நல்லாவே தெரிஞ்சுது” என்றாள் அவள். “தூக்கிவிட்டவரு அப்பவே கையை எடுத்துட்டாரு. கீழ இறக்க வேண்டாம்னு உங்களை யாரு புடிச்சிருந்தா?”

தூண் அவர்கள் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு ஐந்து தேர்தல் அனுபவம் கைகொடுக்க, நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார்.