மைல்கல்லுக்கு வந்த ஈரல் புற்று

அந்த ஆடியில் ஒகேனக்கல் அருவி பார்க்க ஆளில்லாமல் தனியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஜனமெல்லாம் அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலை ஓரத்துக் கொட்டகையில், அணுச் சித்தருக்காகக் காத்துக் கிடந்தது. மீன் வறுக்கிறவர்களும் சட்டியோடு இங்கேயே வந்துவிட்டார்கள். ஈரல் கெட்டவனுக்குத்தான் எண்ணெய்ப் பண்டம் எவ்வளவு ருசிக்கிறது!

சித்தரின் பூர்வப் பெயர் சென்னப்பன். பூர்வத் தொழில் பல்பொடி வியாபாரம். போண்டா மடித்து வந்த வைத்தியப் பத்திரிகைத் தாளை ஒருநாள் யாரோ படித்துச் சொன்னார்கள்: ஈரலின் உயிரணுக்களுக்குள் சுண்ணாம்புச் சத்து போக வர வழி உண்டு, புற்று வந்தால் அந்தப் போக்குவரத்து தாறுமாறாகிறது. தாளில் இருந்தது நிஜம். போண்டா தீர்ந்ததும் சென்னப்பன் சித்தராகிவிட்டார்.

சாலம்மாளின் கணவன் பச்சியப்பனுக்கு ஈரலில் கட்டி. சேலம் ஆஸ்பத்திரியில் மறுநாள் ஆபரேஷன். "சித்தர் சொன்னாத்தான் பஸ் ஏறுவேன்" என்று மனுஷன் ஒரே பிடிவாதம். வேறு வழியில்லாமல் கூட்டி வந்திருந்தாள்.

பச்சியப்பன் வயிற்றில் சீடர்கள் மஞ்சளை அப்பினார்கள். சித்தர் சொம்பிலிருந்து தெளிந்த நீரை ஊற்றினார். வயிறு செக்கச்செவேலென்று ஆனது.

"பாத்தீங்களா! அணுவோட சுண்ணாம்புக் கதவு தொறந்துக்கிச்சு. கட்டி ரத்தமா கரையுது. இனிமே கத்தி வெச்சா கதவு சாத்திக்கும், ஆளு போயிருவாரு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாலம்மாளின் கை மட்டும் பாதியில் நின்றது. போன மாதம் மகள் கல்யாணத்தில் இதே சிவப்பை அவளே தட்டில் கரைத்தாள். மஞ்சள், சுண்ணாம்பு, தண்ணீர். மாப்பிள்ளைக்கு ஈரல் ஒன்றும் கரையவில்லை.

"சாமி, அந்தச் சொம்பைக் குடுங்க."

"பொம்பளைங்க தொடக் கூடாது!"

"ஆரத்தி கரைக்கிறது ஆம்பளைங்களா?"

சொம்பைப் பிடுங்கி, மீதி மஞ்சளையும் அள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள். சாலையோர மைல்கல்லில் மஞ்சளைப் பூசி, சொம்பைக் கவிழ்த்தாள். கல் சிவந்தது. 'சேலம்' என்ற எழுத்திலிருந்து ரத்தம் வழிந்தது.

"ஐயோ, கல்லுக்கும் புத்தா!" என்றார் பக்தர் மாதையன். "நல்லவேளை, சித்தர் பக்கத்துலயே இருந்தாரு."

"ஏண்ணா, உங்க வூட்டுக் கல்யாணத்துல ஆரத்தித் தட்டுல யாரு ஈரலைக் கரைச்சாங்க?" என்றாள் சாலம்மாள்.

பெண்கள் கூட்டத்தில் முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு கொட்டகையே சிரித்தது. திரும்பிப் பார்த்தால் சித்தரைக் காணோம்; வடக்கே போன லாரியில் காவி மட்டும் பறந்தது.

பச்சியப்பன் வயிற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "ஏன்டி, இதை வூட்லயே சொல்றதுக்கென்ன?"

"நாஞ் சொன்னா கேட்டிருப்பீங்களா? எனக்குத் தாடி இல்லீங்களே. ஏறுங்க, பஸ் வருது."

ஏறினான்.

ஜனங்களே, ஆரத்தி கரைக்கிற கைக்குத் தெரிந்ததைத் தலைக்கும் கொஞ்சம் சொல்லி வையுங்கள். எங்கேயோ ஒருவன் இப்போதும் போண்டா தின்றுகொண்டிருக்கிறான்.