நாலு பச்சையும் ஒரு செப்புத்தகடும்

அந்த ஊரில் எல்லாம் வளர்ந்தன. சாலை மட்டும் வளரவில்லை. வீட்டுக்கு ஒரு கார், காருக்கு ஓர் ஆள். முன்னால் நிற்கும் வண்டி ஒரு முழம் நகர்ந்துவிட்டால், பின்னால் இருப்பவர் பிள்ளை பிறந்ததுபோல் பூரித்துப் போனார். நேரம் பார்த்து அவதரித்தார் பச்சைச்சாமி.

மற்ற சாமிகள் மலையுச்சி தேடிப் போவார்கள். இவர் முதல் சிக்னலுக்கு எதிரே மூன்று மாடி மடம் கட்டினார். உடை பச்சை, தலைப்பாகை பச்சை, ஏறிப் போகும் கார் பச்சை. அவர் ஊதிக் கொடுக்கும் செப்புத்தகட்டைக் கார்க் கண்ணாடியில் ஒட்டினால், அங்கிருந்து ஆஸ்பத்திரி வரை நாலு சிக்னலும் பச்சையாகவே இருக்குமாம். ஞாயிறுதோறும் காலையில், சாலை காலியாகக் கிடக்கும் வேளையில், இந்த அற்புதம் நடந்தது. சாமிக்கும் நெரிசல் பிடிக்காது போலும்!

"மாடியில மணி அடிச்சதும் கிளம்பணும். நாற்பதுலேயே போகணும். அவசரம் அருளை விரட்டிடும்" என்பார். பக்தர்கள் அப்படியே போவார்கள். பச்சை, பச்சை, பச்சை, பச்சை! ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, நோயே இல்லாதவர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்.

திங்கட்கிழமை நெரிசலில் அதே தகடு சும்மா தொங்கும். போய்க் கேட்டால் பதில் தயார்: "உனக்கு நம்பிக்கை குறைஞ்சுபோச்சு." என்ன வசதியான வைத்தியம்! குணமானால் வைத்தியர் கெட்டிக்காரர். குணமாகாவிட்டால் நோயாளி யோக்கியமில்லை.

இந்த அருள் மேயரையும் தொட்டது. புது பஸ் வாங்கச் சொல்லி ஊர் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம் அது. "வர்ற ஞாயிறு நானே சாமி கார்ல போறேன். நாலும் பச்சையா வந்துட்டா, பஸ்ஸுக்குன்னு ஒதுக்கின தடத்தை அன்னிக்கே அழிச்சிடலாம். பாதி பஸ்ஸை நிறுத்திட்டு எல்லா காருக்கும் தகடு கொடுக்கலாம்" என்று அறிவித்தார். கார்க்காரர்கள் கைதட்டினார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கைதட்டக் கை ஏது? ஒன்று கம்பியில், இன்னொன்று பையில்.

அந்தத் தடத்தை நம்பி ஓர் உயிர் இருந்தது. ஊருக்கெல்லாம் பார்வை விற்கும் கண்ணாடிக் கடைக்காரரின் அம்மா. சிறுநீரகம் பழுது. வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அங்கேயே மருந்தகத்தில் வேலை பார்க்கும் மருமகள், நடுவில் எங்கும் நிற்காத பஸ்ஸில் மாமியாரைக் கைப்பிடித்து அழைத்துப் போவாள். எவ்வளவு நெரிசலானாலும் அந்தத் தடத்தில் பஸ் தாமதித்ததில்லை.

தகடு வாங்கிய ஜோரில் போன வியாழக்கிழமை மகன் காரில் கூட்டிப் போனார். இரண்டாவது சிக்னலுக்கே அம்மாவுக்கு மூச்சு முட்டியது. போய்ச் சேர்வதற்குள் இயந்திரத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மா வீங்கிய காலோடு வீடு திரும்பி, மறுநாள்வரை மூச்சுக்குத் தவித்தாள்.

"எல்லாம் என் தப்புதான்டா. நம்பிக்கை பத்தல" என்றாள்.

"பத்தாதது நம்பிக்கை இல்ல அத்தை, ரோடு" என்றாள் மருமகள்.

"உனக்கு எதுலதான் நம்பிக்கை?" என்று கணவர் சீறினார்.

"உங்க மேல இருந்துச்சு. அதையும் தகட்டுல ஒட்டிட்டீங்க." அவள் அத்தையின் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்தாள். "ஏங்க, நாம முதல்ல எங்க பார்த்துக்கிட்டோம்?"

"அதே பஸ்ஸுல."

"ஜன்னலோரம் இடம் கொடுத்தீங்க. முதல் சிக்னல்ல பச்சை விழுந்து பஸ் கிளம்பினா, ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கேயும் நிக்காது. பேச நேரமே இல்லன்னு அலுத்துக்குவீங்களே, ஞாபகமிருக்கா? அந்த பஸ்ஸுக்கு எந்தச் சாமி தகடு ஒட்டினாராம்?"

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஞாயிறன்று மடத்து வாசலில் எள் போட்டால் விழாது. சாமியோடு மேயர் பச்சைக் காரில் ஏறப்போகும்போது மருமகள் முன்னால் வந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம். அருள் தகட்டுல இருக்கா, மணியில இருக்கா?"

சாமி கூட்டத்தைப் பார்த்தார். பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த தகடுகளையும் பார்த்தார். "தகட்டுலதான் தாயே!"

"அப்ப மணி இல்லாமலே உங்க கார் போகட்டும். நான் கைக்குட்டையை அசைக்கிறேன், கிளம்புங்க. மணி அடிக்கும்போது எங்க வீட்டுக்காரர் தகடு இல்லாம வருவார்."

"மணி ஒரு சம்பிரதாயம்... அதை மீறினா..." சாமி இழுத்தார்.

அவரை மாட்டிவிட்டது எதிரி அல்ல, பக்தைதான். "எங்க சாமியையா சோதிக்கிற? சாமி, விடாதீங்க! இவளுக்குக் காட்டுங்க!" என்று கத்தினாள் மாமியார். "காட்டுங்க சாமி, காட்டுங்க!" என்றது கூட்டம். பக்தர்கள் இவ்வளவு நம்பினால் பாவம், சாமி என்னதான் செய்வார்?

கணவர் தகட்டை உரித்து எடுத்தார். பச்சைக் காரில் மேயருக்கே இடம் போய்விட்டதால் மாமியார் முணுமுணுத்தபடி மகன் காரில் ஏறினாள்.

முதல் விளக்கு சிவப்பானதும் மருமகள் கைக்குட்டையை அசைத்தாள். பச்சைக் கார் சீறிக் கிளம்பி, பத்தடியில் சிவப்பின் முன்னால் நின்றது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

பச்சை விழுந்தது. மாடியில் மணி அடித்தது. மகன் கார் நிதானமாக நாற்பதில் புறப்பட்டது. மானம் போகிறதே என்று சாமியின் டிரைவர் ஒரே மிதி மிதித்தார். பறந்து போனார். பறந்து போய் இரண்டாவது சிவப்பில் நின்றார். மகன் கார் அருகே வரவும் பச்சை விழ, நிற்காமல் கடந்தது. டிரைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. மறுபடி மிதி, மறுபடி முந்தல், மூன்றாவது சிவப்பு. நாலாவதிலும் அதே கதை. அவசரம் அருளை விரட்டிடும் என்று சாமி சொன்னது பொய்யே அல்ல!

நாலாவதில் இரண்டு கார்களும் ஒரு கணம் அருகருகே வந்தன. மாமியார் ஜன்னல் வழியே பார்த்தாள். தலைப்பாகை நழுவ, வியர்த்து வழிய, சிவப்பு விளக்கையே முறைத்துக்கொண்டிருந்தார் சாமி. பக்கத்தில் மேயர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பாவனையில் முகத்தை மறைத்தார்.

வியாழக்கிழமை வீங்கிய தன் கால்களை மாமியார் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு தலையை வெளியே நீட்டினாள்.

"என்ன சாமி, உங்களுக்கும் நம்பிக்கை குறைஞ்சுபோச்சா?"

மகன் கார் நாலாவது பச்சையையும் கடந்தது.

இங்கே மடத்து வாசலில் மருமகள் மாடியைச் சுட்டிக் காட்டினாள். கீழே நடந்தது எதுவும் தெரியாத சீடர், சிக்னலையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது, மணியை அடித்தார். புறப்பட ஒரு கார்கூட இல்லை.

"இவ்வளவுதான் அருள். ஒரே வேகத்துல வந்தா அடுத்தடுத்து பச்சை கிடைக்கிற மாதிரி பொறியாளருங்க எப்பவோ வெச்சுட்டாங்க. சாலை காலியா இருந்தா யாருக்கும் கிடைக்கும். ஆளுக்கொரு காரை நிறுத்தி அடைச்சுட்டா, விளக்கு பச்சையா இருந்து என்ன, ஊதாவா இருந்து என்ன? ஒரு பஸ் அளவு ஜனம் அம்பது காரை ரோட்டுல இறக்கிட்டு, நெரிசல் எங்கிருந்து வந்துச்சுன்னு சாமிகிட்ட கேக்குறோம்!"

அப்போதும் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சீடரிடம் ஓடினார். "ஐயா, அந்த மணியாவது விலைக்குக் கிடைக்குமா?"

சாமி மடத்துக்குத் திரும்பவேயில்லை. தகடுகளைப் பழைய செம்புக்குப் போட்டார்கள். "பஸ் தடத்தை ஒருநாளும் நான் எதிர்த்ததில்லை" என்று மேயர் பேட்டி கொடுத்தார். அடுத்த டயாலிசிஸுக்கு மாமியாரும் மருமகளும் அதே பஸ்ஸில் போனார்கள். கண்ணாடிக் கடைக்காரர் கம்பியைப் பிடித்து நின்றபடி, மனைவிக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார்.

சிவப்பு விளக்கு கொஞ்சம் பொறுத்தால் தானாக மாறிவிடும். மனிதர்களே, உங்கள் மூளை அப்படி மாறாது. அதை நீங்களேதான் கிளப்ப வேண்டும். அதற்கு எந்த மாடியிலிருந்தும் யாரும் மணி அடிக்கமாட்டார்கள்.