டீ ஒன்று, வடை இரண்டு

திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு என் போன் அடித்தது. காரணம், ‘அனுப்புநர்’ என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு மனிதர். கடனைக் கட்ட வழியில்லாமல் மஞ்சள் கடுதாசி கொடுத்துத் திவாலானவர்களில் அவரைப்போல் ஒரு யோக்கியர் இதுவரை பிறந்ததில்லை. இனிப் பிறந்தால் நாடு தாங்காது.

திண்டிவனத்தில் அவர் மோட்டார் பம்பு கடை வைத்திருந்தார். நான் நாலு தெரு தள்ளித் தையல் யூனிட் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே வருடத்தில் படுத்தன. எங்கள் திவால் கணக்கைப் பார்த்துக்கொண்ட விழுப்புரம் அலுவலகத்து பெஞ்சில்தான் பழக்கம். "வருமானத்தில் தற்காலிகமாக மாற்றம் வந்தாலும் பதினைந்து நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும்" என்று எங்கள் இருவரிடமும் ஒரே நாளில் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். அவர் ஒரு குயர் வெள்ளைத்தாள் வாங்கினார்.

அன்றிலிருந்து கடிதம்தான். ஒவ்வொன்றும் ‘அனுப்புநர்’ என்று தொடங்கும். மூன்று நகல் இருக்கும். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்தே போனது.

ஒருமுறை சம்பந்தி வீட்டிலிருந்து இரண்டு படி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வந்ததை எழுதிக் கொடுத்தார். அலுவலகத்துக் கிளார்க் தலையில் கைவைத்தார்.

"யோவ், மல்லாட்டைய யாருய்யா கேட்டது?"

"எது வந்தாலும் எழுதுன்னீங்களே சார்."

"அவிச்சியா, வறுத்தியா?" கிண்டலாகத்தான் கேட்டார்.

"அவிச்சது ஒரு படி. வறுத்தது தனித்தாள்ல இருக்குது, பாருங்க."

திருவாமாத்தூர் கோயில் வாசலில் கால்வலி என்று உட்கார்ந்த அவர் மடியில் யாரோ புண்ணியவதி பத்து ரூபாய் போட்டுவிட்டுப் போனாள். அதற்கும் கடிதம். ‘மேற்படி வருமானம் தற்காலிகமானது. இனி அவ்விடத்தில் உட்கார மாட்டேன் என உறுதியளிக்கிறேன்.’

பள்ளி திறக்கும் சீசனில் எனக்கு இரண்டு மாதம் மட்டும் சீருடை வெட்டும் வேலை கிடைத்தது. நர்சிங் படிக்கும் மகளுக்கு விடுதிக் கட்டணம் கட்டியாக வேண்டும். சம்பளத்தைச் சொன்னால் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் முதல் சம்பளம் கைக்கு வந்த சந்தோஷத்தில், பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்ட அனுப்புநருக்கு டீ வாங்கிக் கொடுத்து, சம்பளம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் உளறிவிட்டேன்.

பத்து நாற்பதுக்கு அழைத்தவர் அந்தக் கிளார்க்.

"ஏம்மா, அனுப்புநர் லெட்டர் குடுத்துக்கிறாரு. ‘சீருடை வெட்டும் வேலையின் முதல் சம்பளத்தில் இந்த அம்மையார் எனக்கு டீ ஒன்று, வடை இரண்டு வழங்கினார்’னு. உங்களுக்கு ஏதும்மா சம்பளம்? சார் கூப்புடுறாரு, ஜல்தி வாங்க."

விழுப்புரம் போய்ச் சேரும்வரை கம்பிக்குப் பின்னால் என்னையும், விடுதி வாசலில் பெட்டியோடு மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே அனுப்புநரைத் திட்ட வேண்டிய வார்த்தைகளை வரிசைப்படுத்தினேன்.

"ஏன் சொல்லல?" என்றார் அதிகாரி.

"பொண்ணு ஹாஸ்டலு சார்..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, மூச்சிரைக்க, வேட்டி ஒரு பக்கம் இழுபட வந்து நின்றார் அனுப்புநர். கையில் மூன்று நகல்.

"சார், அந்தம்மா சம்பளம் வாங்கி இன்னியோடதான் பதினஞ்சு நாளு. இன்னும் எழுதலன்னு கிளார்க் சொன்னாரு, நானே எழுதியாந்துட்டேன். கையெழுத்துதான் பாக்கி. ஹாஸ்டல் பணத்தக் கழிச்சிக்கணும்னு மூணாவது பாராவுல கேட்டுக்கிறேன்."

அதிகாரி பொறுமையாகப் படித்தார். "ரசீது கொண்டாங்கம்மா, படிப்புச் செலவக் கழிச்சுக்கலாம். இத அன்னைக்கே கேட்டிருக்கலாமே?"

வெளியே வந்ததும் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க அன்னிக்கே எழுதிக் குடுத்திருப்பீங்கன்னு நம்பிக்கினு இருந்தேன்."

வரிசைப்படுத்தியதையெல்லாம் விட்டுவிட்டு, அவர் வேட்டி இன்னும் இழுபடுவதைக் காட்டினேன்.

"வாங்க, டீ குடிக்கலாம். இன்னிக்கி என் காசு" என்றவர், இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "மறக்காம எழுதிடுங்க. வடையும் உண்டு."